கஞ்சாவும் குடலும்: வலி அடங்கினால் நோய் அடங்குமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைப் போலவே கணினித் துறையில் வேலை. டொராண்டோவுக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான்கு ஆண்டுகளாக அவருக்குக் கிரோன் நோய் இருப்பது நெருங்கிய சிலருக்கு மட்டுமே தெரியும். நம்மவர்கள் சர்க்கரை நோயைப் பற்றி விருந்துக்குப் போன இடத்தில்கூடப் பேசுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பதை யாரும் பேசமாட்டார்கள். காப்பி வேண்டாமென்று வெந்நீர் வாங்கிக் குடித்தவர், சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசமா கஞ்சா எண்ணெய் எடுத்துக்கிறேன். கடையில சட்டப்படி வாங்கினதுதான். வயித்து வலி ஏறக்குறைய போயிடுச்சு. ராத்திரி தூங்குறேன். இனிமே இந்த மாத்திரை, ஊசியெல்லாம் எதுக்குன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் மருத்துவன் அல்லன். பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் நிறுத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அப்படிப் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

நோய் எது?

அழற்சிக் குடல் நோய் என்பது ஒரே நோயன்று. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.பி.டி. எனப்படும் இக்குடும்பத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பெருங்குடல் புண் அழற்சி. மருத்துவர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். இது பெருங்குடலின் உட்படலத்தில் புண்களை உண்டாக்குகிறது. இரத்தமும் சீதமும் கலந்து போவது இதன் அடையாளம். மற்றொன்று கிரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையில் எங்கும் வரலாம். குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துப் போகலாம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வழியாக இது தனி நோயாக அறியப்பட்டது. அகர வரிசையில் கிரோனின் பெயர் முதலில் வந்ததால் நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றே. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களோடு ஓயாத சண்டையில் இறங்கி, அந்தச் சண்டையில் குடலையே புண்ணாக்குகிறது. மரபணு, சூழல், உணவு, நுண்ணுயிர்கள் எனப் பல காரணங்கள் கூடி இது நிகழ்வதாகக் கருதப்படுகிறது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. மெசலமைன், ஸ்டீராய்டு, அசதயோபிரின் போன்றவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் முதலான உயிரியல் மருந்துகள் சிகிச்சையின் போக்கையே மாற்றின. ஆனாலும் இவை எல்லாருக்கும் கேட்பதில்லை. சிலருக்குத் தொடக்கத்தில் கேட்டுப் பின்னர் கேட்காமல் போகிறது. வேறு வழி உண்டா என்று நோயாளிகள் தேடுவதில் வியப்பில்லை.

நாம் இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு செய்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, குடியேறியவர்களுக்கு இந்நோய் குறைவாகவே வருகிறது என்று கண்டது. ஆனால் எவ்வளவு சிறு வயதில் குடியேறுகிறார்களோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. தெற்காசியப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் அது ஏனைய கனேடியப் பிள்ளைகளுக்கு உள்ள அளவை எட்டிவிடுகிறது. ஆகவே இது நம் பிள்ளைகளின் விஷயமும்கூட.

கல்கத்தாவில் தொடங்கிய கதை

கஞ்சாவை வயிற்றுக்கு மருந்தாகக் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சாரங்கதர சம்ஹிதையில் வரும் ஜாதிபலாதி சூரணத்தில் ஜாதிக்காயோடு கஞ்சா இலையும் சேர்கிறது. கிரகணி என்னும் நீடித்த வயிற்றுப்போக்குக்கு அது கொடுக்கப்பட்டது. சித்த மருத்துவ நூல்களிலும் கஞ்சாவுக்கு இடமுண்டு. இதை வைத்துக்கொண்டு நம் முன்னோர்கள் கிரோன் நோய்க்கு மருந்து கண்டுவிட்டார்கள் என்று சொல்வது தவறாகும். கிரகணி என்ற சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் அடங்கும். கஞ்சா கழிச்சலைக் கட்டுப்படுத்தும் என்ற அனுபவ அறிவு இருந்தது என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்.

மேலை மருத்துவத்துக்கு இதைக் கொண்டு போனவர் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் புரூக் ஓஷானசி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். (பிற்காலத்தில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவரே.) உள்ளூர் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்து, பிறகு வாதம், காலரா, தசை விறைப்பு ஜன்னி ஆகியவற்றால் வாடியவர்களுக்குக் கஞ்சாவைக் கொடுத்து, 1839-இல் தன் கட்டுரையை வெளியிட்டார்.

அதில் ஒரு நிகழ்ச்சி என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. வெறிநாய்க்கடி நோய் முற்றி, தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய ஒருவருக்கு ஓஷானசி கஞ்சாப் பிசினைக் கொடுக்கிறார். சிறிது நேரத்தில் நடுக்கம் குறைகிறது. ஆரஞ்சுப் பழத்தைச் சப்பிச் சாறு குடிக்கிறார். சோறும் கொஞ்சம் உள்ளே போகிறது. ஆனாலும் சில நாட்களில் அவர் இறந்துவிடுகிறார். மருந்து நோயை வெல்லவில்லை, அதன் கொடுமையை மட்டும் குறைத்தது என்று ஓஷானசி ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறார். கிட்டத்தட்ட 180 ஆண்டுகள் கழித்து, குடல் நோய் ஆய்வுகளிலும் ஏறக்குறைய இதே கேள்விதான் எதிரே வந்து நிற்கிறது.

குடலுக்குள் இருக்கும் பூட்டுகள்

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உள்ளன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. டி.எச்.சி. போதை தருவது, சி.பி.டி. போதை தராதது. இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமும் அவருடைய சகாக்களும் சி.பி.டி.யின் அமைப்பை 1963-இலும், டி.எச்.சி.யை 1964-இலும் தெளிவுபடுத்தினார்கள்.

ஒரு செடியின் பொருள் நம் உடலில் ஏன் வேலை செய்ய வேண்டும்? சாவி இருக்கிறதென்றால் பூட்டும் இருக்க வேண்டுமல்லவா? அந்தப் பூட்டுகளான ஏற்பிகள் பின்னர் அகப்பட்டன. சி.பி.1 ஏற்பியின் மரபணு 1990-இலும், சி.பி.2 ஏற்பியினுடையது 1993-இலும் அடையாளம் காணப்பட்டன. செடிக்காக உடல் பூட்டு வைத்திருக்காது. உடலே தயாரிக்கும் சாவி ஒன்று இருக்க வேண்டும். அப்படி 1992-இல் கிடைத்த மூலக்கூறுக்கு, ஆனந்தம் என்ற வடசொல்லைக் கொண்டு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். 1995-இல் இரண்டாவது சாவியாக 2-ஏ.ஜி. என்ற மூலக்கூறு கிடைத்தது. மெக்கூலம் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தது நாயின் குடலிலிருந்து என்பது நம் கட்டுரைக்குப் பொருத்தமான செய்தி.

குடலுக்கென்று பல கோடி நரம்பணுக்கள் கொண்ட தனி நரம்பு மண்டலம் உண்டு. அங்கே சி.பி.1 ஏற்பிகள் நிறைய உள்ளன. அவை தூண்டப்பட்டால் குடலின் அசைவு மெதுவாகிறது, நீர் சுரப்பது குறைகிறது, வலி உணர்வு மங்குகிறது. சி.பி.2 ஏற்பிகள் பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் உள்ளன. அவை தூண்டப்பட்டால் அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருட்கள் குறைவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், சி.பி.1 ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பெருங்குடலில் வேதிப்பொருள் செலுத்தியபோது, சாதாரண எலிகளைவிடக் கடுமையான அழற்சி ஏற்பட்டது. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகளோ ஓரளவு தப்பித்தன.

இதுவரை எல்லாம் நம்பிக்கை தரும் செய்திகளே. ஆனால் எலியின் குடலில் வேதிப்பொருளால் உண்டாக்கும் அழற்சி வேறு; மனிதனுக்குள் ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் நோய் வேறு. எலிக்குப் பலித்து மனிதருக்குப் பலிக்காத மருந்துகளுக்குக் கணக்கே இல்லை.

மனிதர்களிடம் செய்த சோதனைகள்

மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனைகளில் பெரும்பாலானவை இஸ்ரேலில் மருத்துவர் திம்னா நஃப்தாலியின் குழு நடத்தியவை. அவற்றையும், பிரிட்டனிலிருந்து வந்த ஒன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் சோதனை 2013-இல் வெளியானது. வழக்கமான மருந்துகள் கேட்காத கிரோன் நோயாளிகள் 21 பேர். 11 பேருக்கு டி.எச்.சி. உள்ள கஞ்சாச் சுருட்டு, 10 பேருக்கு டி.எச்.சி. நீக்கப்பட்ட போலிச் சுருட்டு. நாளுக்கு இரண்டு முறை, 8 வாரம். கஞ்சா பெற்றவர்களில் 10 பேருக்கு நோய்க் குறியெண் நன்றாக இறங்கியது. போலி பெற்றவர்களில் 4 பேருக்கு இறங்கியது. நோய் முழுவதும் தணிந்த நிலையை முதல் குழுவில் 5 பேரும் இரண்டாம் குழுவில் ஒருவரும் எட்டினார்கள். ஆனால் ஆட்கள் மிகக் குறைவு என்பதால் இந்த இரண்டாவது வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கஞ்சாவை நிறுத்திய இரண்டே வாரத்தில் குறியெண் மறுபடி ஏறிவிட்டது.

இரண்டாவது 2017-இல். போதை தராத சி.பி.டி.யை மட்டும், நாளுக்கு 20 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் ஏதும் தென்படவில்லை.

மூன்றாவது 2018-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை. பெருங்குடல் புண் அழற்சி உள்ள 60 பேருக்கு சி.பி.டி. மிகுந்த சாறு 10 வாரம் தரப்பட்டது. நோய் தணிந்தவர்கள் மருந்துக் குழுவில் 28 விழுக்காடு, போலிக் குழுவில் 26 விழுக்காடு. ஏறக்குறைய ஒன்றேதான்.

அடுத்த இரண்டும் 2021-இல் வந்தவை. பெருங்குடல் புண் அழற்சி உள்ள 32 பேரிடம் கஞ்சாச் சுருட்டையும், கிரோன் நோயாளிகள் 56 பேரிடம் சி.பி.டி. மிகுந்த எண்ணெயையும் சோதித்தார்கள். இரண்டிலும் முடிவு ஒரே மாதிரி: நோயாளிகளின் தொல்லைகள் குறைந்தன, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆனால் குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்த்தபோது போலி மருந்து பெற்றவர்களைவிடப் புண் கூடுதலாக ஆறியிருக்கவில்லை. அழற்சியைக் காட்டும் பரிசோதனைகளிலும் வேறுபாடு இல்லை.

அதுவரை வந்திருந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வுகள் 2018-இல், இரு நோய்களுக்குமே பலனைப் பற்றி உறுதியான முடிவுக்கு வர இயலாது என்று கூறின. பின்னால் வந்த 2021-ஆம் ஆண்டுச் சோதனைகளும் தொல்லை குறைவதைத்தான் காட்டின. புண் ஆறுவதைக் காட்டவில்லை.

எச்சரிக்கை மணியும் தீயும்

தொல்லை குறைகிறது, புண் ஆறவில்லை. இது எப்படி?

விடை அளவுகோலிலேயே இருக்கிறது. மேலே சொன்ன கிரோன் நோய்க் குறியெண் 1976-இல் உருவானது. ஒரு வாரத்தில் எத்தனை முறை நீராகப் போயிற்று, வயிற்று வலி எவ்வளவு, பொதுவாக உடம்பு எப்படி இருக்கிறது ஆகியவை அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. கஞ்சா குடலின் அசைவைக் குறைக்கும், வலியை மங்கச் செய்யும், மனத்தை இலேசாக்கும். அதாவது புண்ணைத் தொடாமலே இந்த மூன்று விடைகளையும் மாற்றிவிடும். அதோடு, போதை ஏறுகிறதா இல்லையா என்பதை வைத்துத் தனக்குக் கிடைத்தது அசலா போலியா என்று நோயாளியே ஊகித்துவிடலாம். அந்த ஊகமும் விடைகளை மாற்றும்.

என் தொழிலில் இது பழக்கமான காட்சி. நள்ளிரவில் ஒரு மென்பொருள் ஓயாமல் பிழைச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியை நிறுத்தி வைத்தால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம். பிழை மட்டும் அங்கேயே இருக்கும்.

குடலைப் பொறுத்தவரை இது வெறும் உவமையன்று. ஆறாத கிரோன் அழற்சி நாளடைவில் குடலைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும். துளைத்துப் பக்கத்து உறுப்புகளுக்குப் புரையோடும். பெருங்குடலில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். இவை எல்லாம் வலியில்லாமலும் நடக்கக் கூடியவை. அதனால்தான் இன்றைய மருத்துவர்கள் நோயாளி நலமாக உணர்வதோடு நிற்காமல், உட்படலம் ஆறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

கனடாவின் கால்கரியில் 313 நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. கஞ்சா பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் தொல்லை குறைந்ததாகவே சொன்னார்கள். அதே சமயம், ஆறு மாதத்துக்கு மேல் பயன்படுத்திய கிரோன் நோயாளிகளிடம் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகக் காணப்பட்டது. கஞ்சாதான் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. நோய் முற்றியவர்களே அதிகமாகக் கஞ்சாவை நாடியிருக்கலாம். ஆனால் நலமாக உணர்வது நோய் நின்றுவிட்டதற்குச் சான்றாகாது என்பதை இது அழுத்தமாகச் சொல்கிறது.

வேறு சில ஆபத்துகள்

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்ற நினைப்பு நம்மிடையே வலுவாக உண்டு. டி.எச்.சி. நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கும். இளம் வயதினருக்கும் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். சி.பி.டி. அதிக அளவில் கல்லீரல் நொதிகளை உயர்த்தும். டாக்ரோலிமஸ், வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடவும் கூடும். நெடுநாள் கஞ்சா பயன்படுத்துவோரில் சிலருக்கு ஓயாத வாந்தியும் வயிற்று வலியும் வருவதை 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் விவரித்தார்கள். ஏற்கெனவே குடல் நோய் உள்ளவருக்கு இது வந்தால் எதனால் என்று கண்டுபிடிப்பதே கடினம். புகையிலையோடு கலந்து புகைப்பவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு: புகையிலை கிரோன் நோயை மோசமாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் 2001 முதல் மருத்துவத் தேவைக்கும், 2018 அக்டோபர் முதல் வயது வந்த எல்லாருக்கும் அனுமதி உண்டு. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், பூக்கும் நுனிகளான கஞ்சாவையும் அதன் பிசினான சரஸையும் கட்டுப்படுத்துகிறது. தனி இலையைக் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. சிங்கப்பூரிலோ தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போய்ப் பயன்படுத்தினாலும் குற்றமே. இங்கே சட்டப்படி வாங்கிய எண்ணெய்ப் புட்டியைக் கைப்பையில் மறந்து வைத்துக்கொண்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறுவது பெரும் விபரீதத்தில் முடியும்.

அப்படியானால் பயனே இல்லையா?

அப்படியும் சொல்ல மாட்டேன். வலியில்லாமல் ஓர் இரவு தூங்குவது எவ்வளவு பெரிய வரம் என்பது அந்த வலியை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். பசி எடுக்காமல் மெலிந்து போனவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவதும் சிறிய பலனன்று. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்குச் செயற்கைக் கன்னாபினாய்டு மருந்துகள் 1985 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ளன. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்து 2018-இல் அனுமதி பெற்றது. குடலிலும் ஒரு நாள் இடம் கிடைக்கலாம். மூளைக்குள் நுழையாமல் குடலின் ஏற்பிகளில் மட்டும் வேலை செய்யும் மூலக்கூறுகளைத் தேடும் ஆய்வுகள் அந்த நோக்கத்தில்தான் நடக்கின்றன. இன்றைய நிலையில் கஞ்சா தொல்லையைக் குறைக்கும் துணையாக இருக்கக் கூடும். நோயை அடக்கும் மருந்துக்கு மாற்றாக முடியாது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டேன்: "டாக்டர்கிட்ட எண்ணெய் விஷயத்தைச் சொன்னீங்களா?" இல்லை என்று தலையாட்டினார். மருத்துவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். அடுத்த சந்திப்பில் சொல்லியிருக்கிறார். மருத்துவர் கோபிக்கவில்லை, எவ்வளவு, எத்தனை நாளாக என்று குறித்துக்கொண்டு, மலத்தில் கால்புரொடெக்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். குடலில் அழற்சி இருந்தால் அந்தப் புரதம் கூடும். வலியே இல்லை என்று சொன்ன மனிதருக்கு அது இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருந்தது. ஊசியின் இடைவெளியை இப்போது குறைத்திருக்கிறார்கள். எண்ணெயை அவர் முழுவதும் விட்டுவிடவில்லை. மருத்துவருக்குத் தெரிந்து, இரவில் மட்டும் கொஞ்சம்.

தன் பெயரைச் சொல்லாமல் இதை எழுதலாம் என்று அவரே அனுமதி தந்தார். இதைப் படிக்கும் யாருக்காவது, அல்லது அவர்கள் வீட்டில் யாருக்காவது, இதே நிலைமை இருந்தால் இக்கட்டுரையை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு வலி குறைந்திருக்கிறது, என் குடல் ஆறியிருக்கிறதா?"